சிக்கனத்துக்கு மதிப்பெண், சுத்தத்துக்கு?

பீங்கான் தட்டில் பசலைக்கீரை விழுது. கோப்பையில் தேநீர். இன்னும் பால், முட்டை, ஓட்ஸ் கஞ்சி, கொத்துக்கறி, மார்ஜரின். பூசியதோடு விட்டுவிடுவதில்லை, 80 டிகிரி சூடுள்ள அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்துக் காய்ந்து இறுக விடுகிறார்கள். விருந்து முடிந்து மறுநாள் காலைவரை தொட்டியில் கிடந்த பாத்திரம் போல ஆனதும்தான் டிஷ்வாஷருக்குள் அடுக்குகிறார்கள். ஐரோப்பிய ஆய்வகத்தில் பரீட்சை இப்படித் தொடங்குகிறது.

அமெரிக்கப் பரீட்சையின் போக்கு வேறு. இரண்டு இடத்துக் கடைகளிலும் பரீட்சை முடிவைச் சொல்லும் சீட்டு ஒன்று இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும். ஆனால் இரண்டு சீட்டும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதில்லை.

எவ்வளவு அழுக்கு?

ஒருவர் சாப்பிடத் தேவையான தட்டு, கிண்ணம், கோப்பை, கரண்டிகள் எல்லாம் சேர்ந்தது ஒரு செட். ஐரோப்பாவில் 14 செட் கொள்ளும் இயந்திரம் என்றால் 14 செட்டும் அழுக்காகவே உள்ளே போகும்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் முறையில் சாதாரண அளவு இயந்திரத்துக்கு எட்டு செட், கூடவே ஆறு பரிமாறும் பாத்திரங்கள். அழுக்கை உணர்ந்து தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் இயந்திரமானால் மூன்று ஓட்டம்: முதலில் நான்கு செட்டில் அழுக்கு, அடுத்து இரண்டில், கடைசியில் ஒன்றே ஒன்றில். மிச்சமெல்லாம் சுத்தமான பாத்திரம். மூன்றின் சராசரியைப் போடும்போது நான்கு செட் ஓட்டத்துக்கு 5 சதவீத மதிப்பு. ஒற்றைச் செட் ஓட்டத்துக்கு 62 சதவீதம். உணரும் வசதி இல்லாத இயந்திரத்துக்கு எட்டு செட்டுமே கழுவிய பாத்திரம்தான். பலர் குழாயில் அலசிவிட்டே அடுக்குகிறார்கள் என்பது இதற்குப் பின்னுள்ள கணிப்பு. அப்படி அலசும் வீட்டுக்கு இது பொருந்தும். அலசாமல் அடுக்குபவருக்குச் சீட்டில் உள்ள எண் குறைவாகவே தோன்றும்.

தண்ணீரிலும் வித்தியாசம் உண்டு. அமெரிக்க வீடுகளில் டிஷ்வாஷருக்கு வெந்நீர்க் குழாயை இணைப்பதே வழக்கம். பரீட்சையிலும் பெரும்பாலான இயந்திரங்களுக்கு 49 டிகிரி தண்ணீர் வருகிறது. அதைச் சூடாக்கிய செலவையும் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஐரோப்பியப் பரீட்சையில் 15 டிகிரி தண்ணீர். சூடாக்குவது இயந்திரத்தின் பொறுப்பு. ஆகவே இரு சீட்டுகளின் எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

சுத்தமானதா?

ஐரோப்பாவில் ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பாத்திரத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். பக்கத்திலேயே ஒப்பீட்டுக்கான இயந்திரம் ஒன்றும் அதே அழுக்கோடு ஓடியிருக்கும். அதன் மதிப்பெண்ணால் வகுத்துப் பார்த்தால் 1.12-ஐத் தாண்ட வேண்டும். தாண்டாதது விற்பனைக்கு வரக்கூடாது. 1997-இல் வந்த சீட்டில் கழுவும் திறனுக்கும் உலர்த்தும் திறனுக்கும் தனித்தனி எழுத்து இருந்தது. இப்போது இரண்டும் சீட்டில் இல்லை. கட்டாயத் தேர்ச்சி ஆகிவிட்டபின் எழுத்து எதற்கு என்று எடுத்துவிட்டார்கள்.

1980 முதல் அமெரிக்கக் கடைகளில் இருக்கும் மஞ்சள் சீட்டு மின்சாரத்தைச் சொன்னது. தட்டு சுத்தமானதா என்று சொல்லவில்லை. சுத்தக் குறியீடு 70-க்குக் குறையக்கூடாது என்ற நிபந்தனையை எரிசக்தித் துறை தன் பரீட்சை முறையில் சேர்த்தது 2023-இல்தான். அந்த இடைவெளியை நிரப்பியவை கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் போன்ற அமைப்புகள். 1936-இல் தொடங்கிய அந்த நிறுவனம் விளம்பரம் வாங்குவதில்லை. இயந்திரத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, தானே அழுக்காக்கிக் கழுவிப் பார்க்கிறது.

சீட்டில் வருவது

2021 மார்ச் முதல் ஐரோப்பியச் சீட்டில் ஏ முதல் ஜி வரை எழுத்து, 100 ஓட்டத்துக்கு ஆகும் யூனிட், ஓர் ஓட்டத்துக்கான தண்ணீர், நேரம், இரைச்சல். முன்பு ஏ பிளஸ் பிளஸ் பிளஸ் வாங்கிய பல இயந்திரங்கள் அன்று படியிறங்கின. இயந்திரம் கெடவில்லை, அளவுகோல் இறுகியது. 14 செட் இயந்திரம் 100 ஓட்டத்துக்கு 54 யூனிட் அளவில் நின்றால் ஏ. 85 முதல் 95 வரை போனால் இ. எனவே ஏ-க்கு எவ்வளவு கூடுதல் விலை கொடுக்கலாம் என்பதை உங்கள் மின் கட்டணத்தை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.

மஞ்சள் சீட்டு அந்தக் கணக்கையும் போட்டுத் தருகிறது: ஆண்டுக்கு இத்தனை டாலர். யாருக்கும் புரியும். ஆனால் அது ஆண்டுக்கு 215 ஓட்டம் என்ற கணிப்பில் நின்றது. 2023-இல் வந்த விதி அதை 184 ஆக்கியது. ஓட்டத்தைக் குறைத்தாலே ஆண்டுச் செலவும் குறைந்துவிடும். இயந்திரம் முன்னேறியிருக்க வேண்டியதில்லை.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. ஐரோப்பா அளப்பது ‘ஈகோ’ ஓட்டத்தை. குறைந்த சூட்டில் நெடுநேரம் ஊறவைத்துக் கழுவுவதால் அது மூன்று, நான்கு மணி நேரம் எடுக்கும். அமெரிக்கா அளப்பது ‘நார்மல்’ ஓட்டத்தை. அவசரத்துக்கு விரைவுப் பொத்தானை அழுத்தினால் எந்தச் சீட்டின் எண்ணும் நமக்குப் பொருந்தாது.

தீர்ப்பு

வாங்குபவரின் முதல் கேள்வி ‘தட்டு சுத்தமாகுமா?’ என்பதே. அதைத் தேர்ச்சி நிபந்தனையாக்கி, அதன்பின் சிக்கனத்துக்கு மதிப்பெண் போடும் ஐரோப்பிய முறையே மேல். செலவை எளிதாகச் சொல்வதில் அமெரிக்கச் சீட்டு முந்துகிறது. எந்தச் சீட்டானாலும் எழுத்தை மட்டும் பார்த்துப் பணத்தை நீட்டாதீர்கள். எந்த ஓட்டத்தை அளந்தார்கள், அது எத்தனை மணி நேரம், நம் வீட்டில் அந்தப் பொத்தானை அழுத்துவோமா என்று கேளுங்கள். மஞ்சளும் எண்ணெயும் ஏறிய வாணலி இந்தப் பரீட்சைப் பட்டியலில் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.