ஆடுகளமும் அதன் புறத்தே நின்றோரும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று எழுபதைக் கடந்தவர்கள் கூடிப் பழங்கதை பேசும்போது பேச்சு பலகாலும் ஆடலில் வந்து நிற்கும். இசைத்தட்டின் மெல்லிய பாட்டுக்கு இளைஞனும் இளம்பெண்ணும் தோள்மேற் கைவைத்து அசைந்தாடிய 'ஸ்லோ டான்ஸ்', விருந்தின் முடிவில் விளக்கைக் குறைத்துவிட்டு ஒலித்த கடைசிப் பாட்டு, தொலைக்காட்சியிற் கண்ட ஆடல் நிகழ்ச்சிகள் ஆகியவற்றை நினைந்து ஏங்குவோர் பலர். அவ்வேக்கம் பொய்யன்று. ஆயினும் ஏக்கம் வேறு, வரலாறு வேறு. ஆடுகளத்தின் நடுவே நின்றவர் நினைவில் வைத்திருப்பது தம்மையும் தம் இணையையுமே. களத்தின் புறத்தே நின்றவர் யாவர், அவர் ஏன் உள்ளே வரவில்லை என்னும் வினாவை வரலாறுதான் எழுப்ப வேண்டும். பூச்சோங் போன்ற தோட்டப்புறத்து ஊர்களிலிருந்து நோக்கினால் இவ்வினா இன்னும் கூர்மையுறும். அவ்வூர்த் தமிழரிற் பெரும்பாலோர் புறத்தே நின்றவர்கள்.

இணைந்தாடுதல் மேனாட்டார் நமக்குத் தந்தது என்று கருதுவோர் உளர். சங்க நூல்களைப் பயிற்றும் தமிழாசிரியர் அதனை ஒப்பார். ஆட்டனத்தியைக் காவிரி கொண்டுபோக, ஆதிமந்தி ஊர்தோறும் தேடி அலைந்த செய்தியை அகநானூறு கூறும். குறுந்தொகையில் அவள் பெயரால் உள்ள பாட்டில், அவள் அவனைத் தேடும் இடங்கள் கருதத்தக்கன. மள்ளர் கூடிய விழாக்களத்தே தேடுகின்றாள். மகளிர் ஒருவரையொருவர் தழுவி ஆடும் துணங்கைக் களத்தே தேடுகின்றாள். தானும் ஆடுகளத்திற்கு உரியவளே என்று சொல்லிக்கொள்கின்றாள். ஆடற்றுணையை இழந்தவள், ஆடல் நிகழும் இடமெல்லாம் சென்று பார்ப்பது இயல்பன்றோ! இளமைக்கால ஆடலை நினைந்து வருந்தும் பாட்டுகளுள் இதனினும் பழையது தமிழில் ஒன்றைக் காட்டல் அரிது.

பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தில் மற்றொரு காட்சி உண்டு. பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்னும் பெண்பாற் புலவர். ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் மகளிரின் துணங்கையில் தலைக்கை தந்து ஆடினான். அது கேட்ட கோப்பெருந்தேவி சினந்து, கையிலிருந்த சிறுசெங்குவளையை அவன்மேல் எறிய ஓங்கினாள். அவன் அதனைத் தனக்குத் தருமாறு இரந்தும் அவள் தரவில்லை. அரசனே ஆயினும், யாரோடு கைகோத்தான் என்பதற்கு இல்லத்தில் விடைசொல்ல வேண்டியிருந்தது என்பது இதனாற் புலனாகும். முல்லைக்கலியில் ஏறு தழுவிய பின்னர் ஆயர் மன்றத்தே குரவை நிகழ்கின்றது. ஆகவே ஆணும் பெண்ணும் ஒரு களத்தே ஆடியதும், அதனைக் கண்டு பிறர் ஊடியதும் தமிழகத்திற்குப் புதியன அல்ல. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலோ கைகோத்து நிற்போர் அனைவரும் மகளிர். பிற்காலத்தே கும்மியும் கோலாட்டமும் பெரும்பாலும் மகளிர்க்கே உரியனவாய் நின்றன. கூத்து ஆடவர்க்கு உரியதாயிற்று.

மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழர் கொண்டுவந்தது இப்பிற்கால வழக்கையே. தொடக்கத்தில் வந்தவரிற் பெண்கள் மிகச் சிலர். பின்னர்க் குடும்பங்கள் நிலைபெற்றபோதும் லயத்து வாழ்க்கையில் இளைஞரும் கன்னியரும் கலந்து பழக இடமிருக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவில் பெண்கள் ஒரு புறம் கும்மியடிப்பர். ஆடவர் ஒரு புறம் கரகமும் கூத்தும் ஆடுவர். கூத்தில் பெண்வேடம் பூண்பவனும் ஆண்மகனே. இலங்கை மலையகத் தோட்டங்களில் மாசித் திங்களில் நிகழும் காமன் கூத்திலும் இரதியாக ஆடுவது ஆடவனே. காதற் கடவுளின் கதையை ஆடும் களத்தும் பெண்ணுக்கு ஆடும் இடம் இல்லாமற் போனது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தோட்டத்திற்கு வெளியே வேறோர் ஆடல் இருந்தது. மலாய் மக்களின் ரொங்கெங்கும் அதனை ஒட்டிய ஜோகெட்டும் மலாக்காவில் போர்த்துகீசியர் இசையின் கலப்பால் வளர்ந்தவை. போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியது 1511-இல். பிடிலும் றெபானாவும் கொங்கும் முழங்க, ஆணும் பெண்ணும் எதிரெதிர் நின்று ஆடுவர்; பந்துன் பாட்டால் ஒருவரையொருவர் மடக்குவர். நம்மவர் வயற்புறத்து ஏசற்பாட்டை அறிந்தவர்க்கு இதன் சுவை எளிதில் விளங்கும். இவ்வாட்டத்தின் தலையாய விதி ஒன்றே: இருவர் உடலும் ஒன்றையொன்று தீண்டலாகாது. நெருங்குவர், விலகுவர், சுற்றிவருவர், தொடார்.

இந்த ஜோகெட் நகரத்தில் தொழிலாக மாறியது. சிங்கப்பூரில் நியூ வோர்ல்ட் 1923-இல் தோன்றியது. கிரேட் வோர்ல்டும் ஹேப்பி வோர்ல்டும் பின்னர் எழுந்தன. கோலாலம்பூருக்கு புக்கிட் பிந்தாங்கில் இருந்த பிபி பார்க் என்னும் கேளிக்கைப் பூங்கா வாய்த்தது. மேடை நாடகம், மற்போர், திரைப்படம், உணவுக்கடை ஆகிய எல்லாம் ஒரே வேலிக்குள் அடங்கிய இடம் அது. அங்கே ஜோகெட் மேடையும் கபரேயும் இருந்தன. சீட்டு வாங்கி, ஆடும் பெண்ணிடம் அதனைக் கொடுத்தால், ஒரு பாட்டு முடியும்வரை அவள் உடன் ஆடுவாள். சீட்டு உள்ளவன் மலாய்க்காரனா, சீனனா, தமிழனா என்று மேடை கேட்பதில்லை. சாதியும் இனமும் பார்த்த அக்காலத்தில் இவ்வளவு திறந்த ஆடுகளம் வேறு இருந்ததென்று கூறல் அரிது. இதனை நினைந்து பெருமை கொள்வோர் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. ஆடவனுக்கு அஃது இன்பம். பெண்ணுக்கு அது கூலி. அவள் ஆடற்றுணையைத் தெரிந்துகொள்ளவில்லை; சீட்டே தெரிந்தது. அம்மகளிருள் பெயர் நிலைத்தவர் மிகச் சிலர். பின்னாளில் மேடையாட்டத்தால் புகழும் பழியும் ஒருங்கே பெற்ற ரோஸ் சான் (1925–1987) கபரேயில் துணையாடுபவராகத் தொடங்கியவர். மற்றையோர் பெயரும் ஊரும் அப்பூங்காவோடு மறைந்தன. பூங்கா 1972-இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் 1977-இல் சுங்கை வாங் பிளாசா எழுந்தது.

இனி, நினைவேக்கத்திற்குப் பெரிதும் உரியதாகிய மெல்லாட்டத்திற்கு வருவோம். தழுவி ஆடும் வழக்கம் ஐரோப்பாவிலும் எளிதாக ஏற்கப்படவில்லை. 1816-இல் இளவரசர் நடத்திய விருந்தில் வால்ட்ஸ் ஆடப்பட்டபோது, இலண்டன் டைம்ஸ் இதழ் அதனை நாணமற்ற ஆட்டம் என்று கடிந்தெழுதியது. நூறாண்டு கழிந்தபின் அதே வால்ட்ஸ் பெரியோர் போற்றும் கண்ணியமான ஆட்டமாயிற்று; இகழ்ச்சி வேறோர் ஆட்டத்தின்மேற் சென்றது. ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் ஆடியதை நாகரிகம் என்றும், தன் மக்கள் ஆடுவதைச் சீர்கேடு என்றும் கூறும். இவ்வழக்கு எந்நாட்டிற்கும் பொதுவே.

1960-களில் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இளைஞர்க்கென 'டீ டான்ஸ்' என்னும் பிற்பகல் ஆட்டங்கள் நிகழ்ந்தன. சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையின் கோல்டன் வீனஸில் குவெஸ்ட்ஸ் குழுவினர் வாசித்தனர். கித்தார்க் குழுக்களுக்கு மலாயில் 'கூகிரான்' என்று பெயர் அமைந்தது. 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்' என்பதன் சுருக்கம் அது. இக்களங்களுக்குச் சென்றவர் பெரும்பாலும் ஆங்கிலக் கல்வி பெற்ற நகரத்து இளைஞர். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்து பால்வெட்டுக்குச் சென்ற பிள்ளைக்கு அங்கே நுழைவு ஏது? பூச்சோங் அக்காலத்தில் இரப்பர்த் தோட்டமும் ஈயச் சுரங்கமுமாக இருந்தது. கின்ராரா, காசல்பீல்டு என்னும் தோட்டப் பெயர்களை அவ்வூர்த் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. 1973-இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் ஹில்டன் விடுதியில் ஒரு டிஸ்கோ பெயர் பெற்றது. அதற்கு இட்ட பெயர் 'தின் மைன்', அதாவது ஈயச் சுரங்கம்! சுரங்கத்துச் சேற்றில் நின்றவர்கள் பூச்சோங்கில் இருக்க, அதன் பெயரில் ஆடியவர்கள் நகரில் இருந்தனர்.

தொலைக்காட்சி ஆடல்களுக்குத் தாயாக விளங்கியது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து 'பாண்ட்ஸ்டாண்ட்'. 1952-இல் உள்ளூர் நிகழ்ச்சியாகத் தொடங்கி, 1957 ஆகஸ்டு 5 முதல் டிக் கிளார்க் நடத்த 'அமெரிக்கன் பாண்ட்ஸ்டாண்ட்' என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. ஆடியவர் தேர்ந்த கலைஞர் அல்லர். பள்ளி விட்டு வந்த மாணவர். அதுவே அதன் கவர்ச்சி. 1964-இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்து 1989 வரை நடைபெற்றது. கறுப்பின மாணவரைத் தாம் 1957 முதலே சேர்த்துக்கொண்டதாகக் கிளார்க் பிற்காலத்தே கூறிவந்தார். பலரும் அதனை நம்பினர். நினைவேக்கத்திற்கு அது இனிய செய்தியன்றோ! ஆனால் வரலாற்றாசிரியர் மாத்யூ டெல்மான்ட் 2012-இல் வெளியிட்ட நூலில், பிலடெல்பியாவில் நடந்த காலமெல்லாம் கறுப்பின மாணவர் பல வழிகளால் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர் என்று சான்றுகாட்டி நிறுவினார். அவர்கள் பாட்டை வெள்ளையர் பிள்ளைகள் ஆடினர். அவர்கள் தெருவில் நின்றனர். பால்டிமோர் நகரின் பட்டி டீன் நிகழ்ச்சியோ இரு நிறத்தாரையும் ஒரு களத்தே ஆடவிடுவதைவிட நின்றுபோவதே மேல் என்று 1964-இல் முடிந்தது. சிக்காகோவில் 1970-இல் டான் கார்னீலியஸ் 'சோல் டிரெய்ன்' தொடங்கிய பின்னரே கறுப்பின இளைஞர்க்கெனத் தொலைக்காட்சியில் நிலையான ஆடுகளம் வாய்த்தது. அது 2006 வரை நீடித்தது.

இதனிடையே ஆடலின் உள்ளேயே ஒரு மாற்றம் நேர்ந்தது. புறத்தே நின்றோர்க்கு அம்மாற்றமே வழிதிறந்தது எனலாம். 1960-இல் சபி செக்கர் பாடி ஆடிக்காட்டிய 'டுவிஸ்ட்' உலகெங்கும் பரவியது. அதற்குத் துணையின் கை வேண்டா. இருவர் ஆடினும் இருவரும் தனித்தனியே இடையைத் திருப்பி ஆடுவர். துணையில்லாதவனும் ஆடலாம்; எதிரே ஒரு திரையோ பெட்டியோ இருந்தாற் போதும். மெல்லாட்டம் அதன்பின் விருந்தின் இறுதிப் பாட்டாகச் சுருங்கியது.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28 அன்று துங்கு அப்துல் ரகுமானால் தொடங்கிவைக்கப்பட்டது. இரண்டு மாதங்களில், 1964 பிப்ரவரியில், ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' தமிழ்நாட்டில் வெளிவந்தது. டுவிஸ்ட் ஆடும் இளைஞர் அதில் தமிழ் பேசினர், நடிப்பவர் நம்மவர். அதற்கு முன்பே தூத்துக்குடியிற் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஜே. பி. சந்திரபாபு, மேனாட்டு அசைவுகளைத் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்திருந்தார். தோட்டத் திடலில் கட்டிய வெள்ளைத்திரையில் இவற்றைக் கண்ட இளைஞர், மறுநாள் லயத்து வாசலில் தனியே ஆடிப் பார்த்தனர். டீ டான்ஸுக்குச் சீட்டு வேண்டும், காலணி வேண்டும், ஆங்கிலம் வேண்டும். இதற்கோ ஒன்றும் வேண்டா. ஆகவே தோட்டத் தமிழரின் நினைவேக்கம் தழுவி ஆடிய பெண்ணைப் பற்றியது அன்று. கண்டு பழகிய ஆட்டத்தைப் பற்றியது. தாழ்ந்த நினைவு என்று இதனை ஒதுக்குதல் முறையன்று. அவர்களுக்குக் கிடைத்த ஆடுகளம் அதுவே.

ஆனால் லயத்து வாசலில் ஆடியவரும் ஆண்பிள்ளைகளே. பெண்பிள்ளைகள் கதவருகே நின்று பார்த்தனர். அவர்களுக்கு வழி வேறு திசையிலிருந்து வந்தது. சென்னையில் 1936-இல் ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்திரத்தால் பரதம் குடும்பப் பெண்களும் பயிலத்தக்க கலையாகப் பெயர்பெற்றது. அப்பெயர், வழிவழியாக அதனை ஆடிக் காத்த தேவதாசி மகளிரைப் புறத்தே தள்ளிப் பெற்றதாகும் என்பதையும் ஈண்டுச் சொல்லாமல் விடலாகாது. கோலாலம்பூரில் 1981-இல் சுவாமி சாந்தானந்த சரசுவதியின் வழிகாட்டலில் தோன்றிய நுண்கலை ஆலயம் பிரிக்பீல்ட்ஸில் பலநூறு பிள்ளைகளுக்கு ஆடல் பயிற்றியது. பரதத்திற்கு இசைந்த பெற்றோர் திரைப்பாட்டு ஆட்டத்திற்கு இசைய இன்னும் சில ஆண்டுகள் ஆயின. 1994-இல் 'காதலன்' படத்தில் பிரபுதேவா ஆடியதைக் கண்டு ஊர்தோறும் ஆடற்குழுக்கள் முளைத்தன. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்தது. அதன் வானவில் அலைவரிசையில் நடந்த 'ஆட்டம் நூறு வகை' போட்டியில் தமிழ்ப் பெண்களும் ஆண்களும் ஒரே மேடையில் இணைந்தாடினர். பெற்றோர் வீட்டிலிருந்து பார்த்து மகிழ்ந்தனர். துணங்கையிலும் குரவையிலும் இருந்து, தோட்டத்தில் இல்லாமற் போன ஒன்று, வீட்டுக் கூடத்துப் பெட்டி வழியாகத் திரும்பி வந்தது.

அவ்வாண்டிலேயே பூச்சோங்கில் ஐ.ஓ.ஐ. பேரங்காடி திறக்கப்பட்டது. தோட்ட நிலங்கள் வீட்டுமனைகளாயின. சுரங்கக் குட்டைகள் ஏரிகளாயின. 2016-இல் இலகு இரயில் வந்தது. லயங்கள் போயின, அவற்றோடு கும்மி சுற்றிய கோயில் திடல்கள் பலவும் போயின. கும்மிப்பாட்டின் அடிகளைக் கையசைவோடு சொல்லிக் காட்டவல்ல மூதாட்டியர் சிலர் அடுக்குமாடி வீடுகளில் இன்னும் இருக்கின்றனர். ஜோகெட் மேடையை வேலிக்கு வெளியே நின்று பார்த்த முதியவரும் இருக்கின்றனர். மெல்லாட்டத்தைப் பற்றி எழுதுவோர் பலர். இவர்களிடம் கேட்டு எழுதினோர் மிகச் சிலர்.