சாம் ஜாஃபி

சாம் ஜாஃபி (மார்ச் 10, 1891 – மார்ச் 24, 1984) அமெரிக்க நாடக, திரைப்படக் குணச்சித்திர நடிகர் ஆவார். நியூயார்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், நடிகராகும் முன் கணித ஆசிரியராகப் பணியாற்றினார்.

நாடக மேடை

1915ஆம் ஆண்டு வாஷிங்டன் ஸ்கொயர் பிளேயர்ஸ் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1930இல் பிராட்வேயில் அரங்கேறிய 'கிராண்ட் ஹோட்டல்' நாடகத்தில், சாகும் தறுவாயில் உள்ள கணக்கர் கிரிங்கெலைன் வேடம் இவருக்குப் புகழ் தந்தது.

திரைப்படங்கள்

இவரது முதல் படம் 'தி ஸ்கார்லெட் எம்பிரஸ்' (1934). அதில் மனநிலை பிறழ்ந்த ரஷ்ய இளவரசர் பீட்டராக நடித்தபோது இவருக்கு வயது 43. 'லாஸ்ட் ஹொரைசன்' (1937) படத்தில் இருநூறு வயதைக் கடந்த தலைமை லாமாவாக வந்தார்.

'கங்கா தின்' (1939) படத்தில் ஆங்கிலேயப் படைக்குத் தண்ணீர் சுமக்கும் இந்தியராக, கருமை பூசிக்கொண்டு நடித்தார். படப்பிடிப்பு நடந்ததோ கலிபோர்னியாவில். இந்தியர்களை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால் வங்காளத்திலும் பம்பாயிலும் இப்படம் தடை செய்யப்பட்டது.

ஜான் ஹூஸ்டன் இயக்கிய 'தி அஸ்பால்ட் ஜங்கிள்' (1950) இவரது சிறந்த படமாகக் கருதப்படுகிறது. சிறையிலிருந்து வெளிவந்ததும் நகைக்கொள்ளைக்குத் திட்டமிடும் 'டாக்' என்ற முதியவர் வேடம் அது. குரலை உயர்த்தாமல், மரியாதை குறையாமல் பேசும் அந்தக் குற்றவாளி, ஓர் இளம்பெண்ணின் நடனத்தைச் சில நிமிடம் நின்று ரசித்ததால் பிடிபடுகிறார். இவ்வேடத்திற்காக வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஆஸ்கர் துணை நடிகர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார்.

தடைப்பட்டியல்

அதே 1950இல், கம்யூனிஸ்ட் ஆதரவாளர்கள் எனக் குற்றம்சாட்டி 151 கலைஞர்களின் பெயர்களை வெளியிட்ட 'ரெட் சேனல்ஸ்' நூலில் ஜாஃபியின் பெயரும் இருந்தது. அது நீதிமன்றத் தீர்ப்பு அன்று. தனியார் வெளியீடு மட்டுமே. ஆயினும் பட நிறுவனங்கள் அதற்கு அஞ்சின. 1951இல் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்தில் விஞ்ஞானியாக நடித்தபின், ஹாலிவுட் கதவுகள் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தன. உச்சப் புகழை எட்டிய வேளையிலேயே வாய்ப்புகளை இழந்தார்.

மீள்வருகை

1957இல் 'லே எஸ்பியோன்' என்ற பிரெஞ்சுப் படத்தில் நடித்தார். மறு ஆண்டு ஹூஸ்டனே தம் படமொன்றில் மீண்டும் வாய்ப்பளித்தார். பதினொரு ஆஸ்கர் விருதுகள் வென்ற 'பென்-ஹர்' (1959) படத்தில் விசுவாசமுள்ள காரியஸ்தர் சைமனைடிஸாக நடித்தார். எழுபது வயதில் 'பென் கேசி' (1961) தொலைக்காட்சித் தொடரின் டாக்டர் சோர்பாவாக வீடுதோறும் அறிமுகமானார். அத்தொடரில் உடன் நடித்த பெட்டி ஆக்கர்மன் இவருடைய மனைவி. கதாநாயகனாக அன்றி, துணை வேடங்களாலேயே நினைவில் நிற்கும் நடிகர்களுள் ஜாஃபியும் ஒருவர்.