பாஞ்சாலங்குறிச்சி முதல் ராட்டர்டாம் வரை

சாத்தான்குளம் அமைந்துள்ள தூத்துக்குடிச் சீமையின் கதையொன்று, தமிழ்த் திரைக்கு அயல்நாட்டுப் பெருமை தேடித் தந்தது. பி.ஆர்.பந்துலு 1959இல் உருவாக்கிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருதை ஈட்டியது. சக்தி கிருஷ்ணசாமியின் வசனம் எகிப்தியருக்கு விளங்கியிருக்க வழியில்லை. நாடக மேடையில் பழகிய குரலும் நடையும் மொழியின்றியே பேசியிருக்க வேண்டும்.

அக்காலத்தில் கடல் கடந்த தமிழ்ப் படம் என்றால், இலங்கையிலும் மலேயாவிலும் வாழ்ந்த நம்மவருக்கானது என்றே பொருள். அவ்வரம்பை மீறியது 'முத்து'. 1995இல் கே.எஸ்.ரவிகுமார் இயக்கிய அப்படம், 1998இல் டோக்கியோவில் திரையிடப்பட்டு ஜப்பானியரின் பெருவிருப்புக்கு உரியதாயிற்று. எனினும் அவ்வரவேற்பு ரஜினிகாந்த் என்னும் தனியொருவரைச் சுற்றியே வளர்ந்தது. பிற தமிழ்ப் படங்களுக்கு அது பாதை அமைக்கவில்லை.

தென்கொரியாவின் வழி வேறு. அங்குத் திரையரங்குகள் ஆண்டுக்கு 146 நாள்கள் உள்நாட்டுப் படங்களைக் காட்ட வேண்டும் என்ற விதி இருந்தது. அமெரிக்காவுடனான வணிகப் பேச்சின் பொருட்டு 2006இல் அது 73 நாள்களாகக் குறைக்கப்பட்டபோது, கலைஞர்கள் வீதிக்கு வந்து போராடினர். அதே 2006இல் தமிழ்நாட்டரசு, தமிழில் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. கொரியர் காத்தது திரையரங்கின் நாள்களை; நாம் காத்தது படத்தின் பெயரை! பெயர்ப்பலகை தமிழானது நன்றே. ஆயின் சிறிய படத்துக்கு அரங்கு கிடைத்ததா?

2019இல் கொரியப் படமாகிய 'பாரசைட்' கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்றது. நான்காண்டு முன்னரே, 2015இல், பெரும்பகுதி தமிழ் பேசிய 'தீபன்' அவ்விருதைப் பெற்றிருந்தது. முதன்மை வேடம் தாங்கியவர் ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி. ஆனால் இயக்கியவர் பிரெஞ்சுக்காரரான ழாக் ஓதியார், முதலும் பிரான்சினுடையதே. நம் மொழி ஏறிய மேடையில் நம் திரைத்துறை ஏறவில்லை.

அக்குறையை ஓரளவு நீக்கியவர் பி.எஸ்.வினோத்ராஜ். மதுரை மாவட்டத்து வறண்ட நிலத்தில், குடிகாரத் தந்தையும் சிறுமகனும் வெயிலில் நடக்கும் நடையையே கதையாக்கிய 'கூழாங்கல்', 2021இல் ராட்டர்டாம் விழாவின் புலி விருதை வென்றது. அவ்வாண்டு ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் படமாகவும் தேர்வாயிற்று. தமிழ்நாட்டு மக்களோ அதைக் காண 2023 வரை காத்திருந்தனர். அப்போதும் அது அவர்களை எட்டியது இணையத்தின் வழியேதான்.