இருபத்தெட்டு வருஷம் கிடந்த கோப்பு

'மெனோபாஸ்' ஆங்கிலச் சொல் என்றே பலரும் நினைக்கிறார்கள். பிரெஞ்சில் படித்த எனக்கு அது 'மெனோபோஸ்'. கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1821-இல் தன் நூலில் வைத்த பெயர். அதற்கு முன் அதை 'ஆபத்தான வயது' என்றே சொன்னார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த வயதையே நோயாக்கி மாத்திரையும் கொடுத்தார்கள்.

1942-இல் அமெரிக்காவில் 'பிரெமரின்' விற்பனைக்கு வந்தது. சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன். 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் டாக்டர் 'ஃபெமினைன் ஃபாரெவர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டால் என்றும் இளமைதான் என்பது அதன் சாரம். அவருடைய அறக்கட்டளைக்கு மருந்து கம்பெனிகள் பணம் கொடுத்த கதை பிறகு வெளியே வந்தது.

விஷயம் இதுதான். ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சவ்வை வளரச் சொல்லும். புரோஜெஸ்டிரோன் 'போதும்' என்று நிறுத்தும். மாத்திரையில் இருந்தது முதலாவது மட்டும். நிறுத்த ஆளில்லாமல் சவ்வு வருஷக்கணக்கில் தடித்தால், சிலருக்கு அது புற்றுநோயில் போய் முடியும்.

யாருக்கும் தெரியாமல் நடந்ததல்ல இது. சால் கஸ்பர்க் என்ற டாக்டர் 1947-லேயே இந்தத் தொடர்பை எழுதிவிட்டார். நாங்கள் ஆபீசில் 'பார்த்தேன்' என்று சுருக்கொப்பம் போட்டு பீரோவில் வைப்போமே, அந்த மாதிரி அது கிடந்தது.

1975 டிசம்பர் 4. 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஒரே இதழில் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. ஒன்றில், ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.5 மடங்கு. ஸீல், ஃபிங்கிள் இருவரும் செய்த இன்னொன்றில் 7.6 மடங்கு; ஏழு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு 13.9. புதுக் கருவி ஒன்றும் இல்லை. நோயாளிகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதில் கொஞ்சம் பெருமை!

மருந்துச் சீட்டுகள் குறைந்தன. சில வருஷங்களில் இந்தப் புற்றுநோயும் குறைந்தது. பிறகு புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதனால் மார்பகப் புற்றுநோய் கூடுவது 2002-இல் தெரிந்தது. அது தனிக் கதை.

மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் இது வருகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு உடம்பின் கொழுப்பே ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும். பருமனானவர்களுக்கு அதிகம். பெரும்பாலானோருக்கு முதல் அறிகுறி, நின்றுபோன உதிரம் மறுபடி படுவதுதான். என் அத்தை அதை 'உடம்புச் சூடு' என்று எட்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். வெந்தயமும் மோரும் குடித்தார். வீட்டு ஆண்களான எங்களிடம் சொல்லக் கூச்சம்.