நிர்வாண சைக்கிள் ஊர்வலமும் மன்னார்க் கரையும்

நிர்வாண சைக்கிள் ஊர்வலம் என்பது ஆடையின்றியோ அரைகுறை ஆடையுடனோ பலர் கூடி நகர வீதிகளில் சைக்கிள் ஓட்டிச் செல்லும் பொது நிகழ்வு. ஸ்பெயினின் சரகோசா நகரில் 2001இல் இத்தகைய ஊர்வலம் நடந்தது. கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த கொன்ராட் ஷ்மிட் 2004இல் இதைப் பல நாடுகளில் ஒரே காலத்தில் நடக்கும் இயக்கமாக்கினார். எண்ணெயை நம்பிய நகர வாழ்வைக் கண்டிப்பதும், மோட்டார் வாகனங்களுக்கிடையே சைக்கிள் ஓட்டுபவரின் உடலுக்கு எந்தக் காப்பும் இல்லை என்று காட்டுவதும் அதன் நோக்கங்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பத்தாயிரம் பேர் வரை திரண்ட ஆண்டுகள் உண்டு. கூட்டம் பெருகப் பெருகக் கோரிக்கை பின்னுக்குப் போனது. உடலில் தீட்டும் வர்ணம், இசை, கோடைக் கொண்டாட்டம், தன் உடலைக் கூச்சமின்றி ஏற்கும் மகிழ்ச்சி ஆகியவற்றுக்காகவே இன்று பலர் வருகிறார்கள். கைபேசிக் கமரா பரவியபின் வேறொரு தயக்கமும் சேர்ந்தது: ஊர்வலம் ஒரு நாளில் முடிந்துவிடும், எடுத்த படம் முடியாது.

இந்த மாற்றத்தைத் தமிழர் தம் மரபுக்குள் நின்றே புரிந்துகொள்ளலாம். சங்க அகப்பாடல்களில் வரும் மடலேறுதலும் வீதி ஊர்வலம்தான். காதல் கைகூடாத ஆண் பனைமடலால் குதிரை செய்து, அதற்கு மணி கட்டி, எருக்கம்பூ மாலை சூடி, ஊர் பார்க்கத் தெருவில் வருவான். கருக்கு அறுக்கும் மட்டையின்மேல் அமர்ந்து, நாணத்தையும் உடல்நோவையும் ஒன்றாகப் பணயம் வைத்து, ஊரை நியாயம் கேட்க வைப்பது அதன் வழி. மடல் பாடிய மாதங்கீரனார் என்றே ஒரு புலவருக்குப் பெயர் அமைந்தது. கலித்தொகையில் இதைச் சொல்லும் பாடல்கள் நெய்தற் கலியில் உள்ளன. ஆனால் பெரும்பாலான பாடல்களில் தலைவன் மடலேறுவேன் என்று சொல்கிறானே தவிர ஏறுவதில்லை. அந்தச் சொல்லே தலைவியின் தோழியை அசைத்துவிடுகிறது. ஆண்டுதோறும் நூறுபேர் மடலேறும் ஊரில் எந்தத் தோழியும் அசைந்திருக்க மாட்டாள். நாணம் துறப்பதற்கு வலிமை தருவது துறப்பவர் கொடுக்கும் விலை. விலை குறைந்தால் வலிமையும் குறைகிறது.

வான்கூவர் இயக்கம் தொடங்கிய அதே 2004இல், ஜூலை 15 அன்று, மணிப்பூரின் இம்பாலில் பன்னிரண்டு பெண்கள் காங்லா கோட்டை வாயிலில் ஆடை களைந்து நின்றார்கள். அசாம் ரைபிள்ஸ் படையினர் பிடித்துச் சென்ற தங்ஜம் மனோரமா என்ற பெண் கொல்லப்பட்டதற்கு எதிரான போராட்டம் அது. நடுத்தர வயதும் முதுமையும் எய்திய தாய்மார் அவர்கள். அந்த ஆண்டு நவம்பரில் அந்தப் படை கோட்டையை விட்டு வெளியேறியது. அதற்குப் பின்னால் பெரும் மக்கள் எழுச்சியும் இருந்தது, ஆயினும் அந்த வாயிற்காட்சியை ஒதுக்கிவிட்டு அந்த வெளியேற்றத்தின் வரலாற்றை எழுத முடியாது. 2017 ஏப்ரல் 10இல் அய்யாக்கண்ணு தலைமையிலான தமிழ்நாட்டு விவசாயிகள் டெல்லியில் பிரதமர் அலுவலகத்தருகே ஆடை களைந்தார்கள். மண்டையோடு, எலி என்று வாரக்கணக்கில் காட்சிகள் மாறிய போராட்டத்தில் இதுவும் ஒன்றானது. அவர்கள் சொன்ன வறட்சியும் கடனும் பொய்யல்ல. ஆனால் நாளுக்கொரு அதிர்ச்சி தேவைப்பட்டபோது செய்தியாளர் பார்வை கோரிக்கையைவிட்டுக் காட்சியின்மேல் பதிந்தது.

இலங்கையின் வடக்கிலுள்ள மன்னாரின் போராட்ட மரபில் நிர்வாண ஊர்வலத்துக்கு இடமில்லை. பழமைவாதமே காரணம் என்று சிலர் சொல்லலாம். அது பாதி உண்மை. திருக்கேதீச்சரக் கோயிலில் ஆண்கள் மேலாடை இன்றி வழிபடுகிறார்கள், கரைவலை இழுப்பவர்கள் சாரத்தை மடித்துக் கட்டி வெறும் மேலுடன் நிற்கிறார்கள். ஆணின் திறந்த மார்பு இங்கே எவரையும் திடுக்கிடச் செய்யாது. பெண் ஆடை களைந்தாலோ முழு விலையும் அவள்மேலும் அவள் குடும்பத்தின்மேலும் விழும். ஒரே செயலுக்கு இவ்வளவு ஏற்றத்தாழ்வான விலை வைக்கும் சமூகத்தில் அதைக் கூட்டுப் போராட்டமாக்குவது நேர்மையாகாது. எண்ணெய்ச் சார்பைக் காட்டவும் இங்கு உடலைத் திறக்க வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் வடக்கு சைக்கிளில்தான் உயிர் பிழைத்தது: விறகு, மூட்டை, நோயாளி எல்லாம் கரியரிலும் பாரிலும் போயின. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் அதே சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன.

கொண்டாட்டமானாலும் கூட்டம் சேர்வது நல்லதுதானே என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. தன் உடலை வெறுக்கப் பழகியவருக்கு அந்த ஒருநாள் விடுதலை சிறியதல்ல. போர்ட்லாந்திலேயே 2025 அக்டோபரில், நகருக்குத் தேசியக் காவற்படையை அனுப்பும் முயற்சிக்கு எதிராக, மழையிலும் குளிரிலும் ஓர் அவசர நிர்வாண ஊர்வலம் நடந்தது. எதிரே ஆயுதம் நிற்கக்கூடும் என்றானபோது காப்பற்ற உடல் மறுபடி பொருள் பெற்றது. பழைய வலிமை திரும்பியது ஆபத்து திரும்பியதால். கூட்டத்தின் அளவு அதற்குக் காரணமல்ல.

மன்னாரில் அந்த ஆபத்து எப்போதும் அருகிலேயே இருந்திருக்கிறது. மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி திட்டத்தின் முப்பது காற்றாலைகள் ஏற்கெனவே சுழல்கின்றன. மேலும் காற்றாலைகள் அமைப்பதற்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025 ஆகஸ்டில் மீனவர்களும் பெண்களும் மதகுருமாரும் நகரில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அரசு வேலையை ஒரு மாதம் இடைநிறுத்தியது, பிறகு தொடர அனுமதித்தது. செப்டெம்பர் 26 இரவு, காற்றாலைப் பாகங்கள் கொண்டுவரப்பட்டபோது வீதியை மறித்தவர்கள்மேல் பொலிஸார் பலம் பிரயோகித்தனர். மூன்று நாள் கழித்து மன்னார் கடையடைத்தது. 26ஆம் திகதி இரவு வீதியில் நின்றவர்கள் முழு ஆடையுடன்தான் நின்றார்கள். ஆனாலும் கோடைக்கால ஊர்வலங்கள் பல இழந்துவிட்ட வலிமை அவர்களிடம் குறையாமல் இருந்தது.