திரையில் தெரிந்தும் தேடலில் அகப்படாத பனுவல்: இயங்குமுறை வலைப்பக்கங்களும் தேடுபொறிகளும், 1999–2019

இணையப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் இருவகை வாசகர் உளர். ஒருவர் உலாவியின் திரையில் படிக்கும் மனிதர். மற்றது, பக்கங்களை ஒவ்வொன்றாகப் பெற்று அவற்றின் சொற்களைத் தேடுபொறியின் அட்டவணையில் பதியும் நிரல். இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் இவ்விருவருக்கும் வழங்கி அனுப்பியது பெரும்பாலும் ஒரே பனுவலே. பின்னர், வழங்கி அனுப்பும் பக்கம் வெறும் சட்டகமாக இருக்க, அதன் உள்ளடக்கம் வாசகரின் கணினியில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் பகுதி பகுதியாக வரவழைக்கப்படும் முறை பரவியது. மனிதர் கண்டதும் தேடுபொறி கண்டதும் வேறாயின. இப்பிளவு தோன்றிய விதத்தையும் அதை அடைக்க நடந்த முயற்சிகளையும் தமிழ் மின்தொகுப்புகளை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ் முன்னரே கண்ட பிளவு

தமிழுலகிற்கு இச்சிக்கல் வேறொரு வடிவில் முன்னரே அறிமுகமாகியிருந்தது. 1990களின் பிற்பகுதியில் தமிழ்த் தளங்கள் பல தத்தமக்கெனத் தனி எழுத்துருக்களையும் குறியாக்கங்களையும் கொண்டிருந்தன. வாசகர் எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள்ள வேண்டும். அல்லது, இயங்கு எழுத்துரு எனப்பட்ட முறையில் உலாவியே அதைத் தருவித்துக்கொள்ளும். திரையில் தமிழ் தெரியும். பக்கத்தின் உள்ளே இருப்பதோ, தேடுபொறியின் பார்வையில், பொருளற்ற ரோமன் எழுத்துகளின் கோவை. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் குறியாக்கங்களை முன்வைத்தது. புலம்பெயர்ந்த தமிழரிடையே திஸ்கி வழங்கிவந்தது. ஒருங்குறி வழக்கூன்றும்வரை, ‘திருக்குறள்’ என ஒருவர் தேடினால் அந்நூல் முழுமையாக ஏற்றப்பட்டிருந்த பக்கமும் அகப்படாமற் போகக்கூடும். ஒருங்குறியுடன் இத்தொல்லை தீர்ந்தது என்று தமிழ்க் கணிமையாளர் எண்ணிய காலத்திலேயே அடுத்த பிளவு உருவாகிக்கொண்டிருந்தது.

சட்டகம் மட்டும் வரும் பக்கம்

1999இல் வெளிவந்த மைக்ரோசாப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியில், பக்கம் முழுவதையும் மீண்டும் ஏற்றாமல் வழங்கியிடமிருந்து தரவை மட்டும் கேட்டுப் பெறும் கருவியொன்று இடம்பெற்றது. அவுட்லுக் மின்னஞ்சலை உலாவி வழியே பயன்படுத்துவதற்காக ஆக்கப்பட்ட கருவி அது. பிற உலாவிகளும் அதை ஏற்றன. 2004இல் கூகுளின் ஜிமெயிலும் 2005இல் கூகுள் வரைபடமும் இம்முறையின் ஆற்றலை உலகறியச் செய்தன. 2005 பிப்ரவரியில் ஜெசி ஜேம்ஸ் காரெட் இதற்கு ‘அஜாக்ஸ்’ என்று பெயரிட்டார்.

ஒருவருடைய மின்னஞ்சல் தேடுபொறிக்குத் தெரியாதிருப்பதே நன்று. ஆகவே, ஜிமெயிலைப் பொறுத்தவரை இம்முறையால் இழப்பு ஏதும் இல்லை. செய்தித் தளங்களும் அங்காடிகளும் நூற்பட்டியல்களும் அதே முறையைப் பின்பற்றத் தொடங்கியபோதுதான் சிக்கல் எழுந்தது. அக்காலத் தேடுபொறி நிரல்கள் ஜாவாஸ்கிரிப்டை முழுமையாக இயக்குவதில்லை. எனவே அவை பெற்றது உள்ளீடற்ற சட்டகத்தை மட்டுமே.

இதனினும் ஆழமான சிக்கல் முகவரியைச் சார்ந்தது. அஜாக்ஸ் பக்கத்தில் வாசகர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சென்றாலும் முகவரி மாறுவதில்லை. மாற்றத்தைக் காட்ட விரும்பிய நிரலாளர்கள் முகவரியின் இறுதியில் # குறியிட்டு அதன்பின் ஒரு சொல்லைச் சேர்த்தனர். ஆனால் # குறிக்குப் பின்வருவது வழங்கிக்கு அனுப்பப்படுவதே இல்லை. ஒரே ஆவணத்துக்குள் ஒரு பத்தியைச் சுட்டுவதற்கென வகுக்கப்பட்ட பகுதி அது. ஆயிரம் கட்டுரைகள் உள்ள தளமும் தேடுபொறிக்கு ஒற்றைப் பக்கமாகவே தோன்றியது.

ஹாஷ்பேங் உடன்பாடு

2009 அக்டோபரில் கூகுள் ஒரு திட்டத்தை முன்மொழிந்தது. தள உரிமையாளர் தம் முகவரியில் # குறியை அடுத்து ஒரு வியப்புக்குறியை இடவேண்டும். ‘#!’ என்ற இவ்விணையைக் கண்டதும் கூகுளின் நிரல், அதன் பின்னுள்ள பகுதியை வழங்கிக்குச் செல்லக்கூடிய வினாப் பகுதியாக மாற்றிக் கேட்கும். வழங்கி, அப்பக்கத்தின் முழுமையாக்கப்பட்ட படியொன்றை விடையாக அனுப்பவேண்டும். ‘ஹாஷ்பேங்’ என வழங்கப்பட்ட இவ்வுடன்பாட்டில் பொறுப்பு முழுவதும் தள உரிமையாளர்மீதே விழுந்தது. மனிதருக்கு ஒரு படி, தேடுபொறிக்கு மற்றொரு படி என இரண்டையும் ஒத்திருக்குமாறு பேணும் ஆள்வலிமை பெருநிறுவனங்களுக்கு உண்டு. தன்னார்வலர் நடத்தும் சிறு தொகுப்புகளுக்கு ஏது?

பெருநிறுவனங்களுக்கும் அது எளிதாக அமையவில்லை. 2010 செப்டம்பரில் புதுவடிவம் பெற்ற டுவிட்டர் இம்முகவரி முறையைக் கையாண்டது. அமெரிக்காவின் காக்கர் ஊடகக் குழுமமும் 2011 பிப்ரவரியில் தன் தளங்களை இம்முறைக்கு மாற்றியது. அதே மாதத்தில் ஜாவாஸ்கிரிப்ட் பிழையொன்றால் அத்தளங்கள் யாவும் ஒருசேர வெறும் பக்கங்களாயின. வழங்கிகளில் கட்டுரைகள் இருந்தன. அவற்றைத் திரைக்குக் கொணரும் நிரல்தான் இயங்கவில்லை. இணைப்புகளின் நிலைபேற்றை இம்முறை குலைப்பதாக டிம் பிரே உள்ளிட்டோர் அப்போதே கண்டித்து எழுதினர். 2012 மே மாதத்தில் டுவிட்டர் ஹாஷ்பேங்கைக் கைவிட்டு, பக்கத்தை வழங்கியிலேயே முழுமையாக்கி அனுப்பும் பழைய வழிக்குத் திரும்பியது. பக்கம் முதலில் ஏறுவதற்கான நேரம் முன்னிருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததாகவும் அறிவித்தது. இதற்கிடையே, பக்கத்தை மீண்டும் ஏற்றாமலே உண்மையான முகவரியை மாற்றும் வசதி எச்டிஎம்எல் 5 வழியே உலாவிகளில் வந்துசேர்ந்தமையால் # குறியின் தேவையும் அற்றது.

தேடுபொறியே உலாவியாதல்

2014 மே மாதத்தில், பக்கங்களின் ஜாவாஸ்கிரிப்டைத் தானே இயக்கி அவற்றை உலாவி காண்பதுபோல் காணத் தொடங்கியிருப்பதாகக் கூகுள் அறிவித்தது. 2015 அக்டோபரில் ஹாஷ்பேங் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. ஆறாண்டே வாழ்ந்த அவ்வுடன்பாட்டை நம்பித் தளங்களை அமைத்தவர்கள் மீண்டும் முகவரிகளை மாற்ற நேர்ந்தது. முகவரி மாறுந்தோறும் பழைய மேற்கோள்கள் சிதைவதை ஆய்வாளர் அறிவர்.

கூகுளின் இப்புதிய ஆற்றலும் வரம்புடையதாகவே இருந்தது. 2015இல் வெளிவந்த குரோம் 41 உலாவியின் திறனையே அதன் நிரல் 2019 வரை கொண்டிருந்தது. அதற்குப் பிற்பட்ட நிரல்வழக்குகளில் எழுதப்பட்ட பக்கங்கள் அதற்கு விளங்காமற் போயின. 2019 மே மாதத்தில் அது குரோம் 74க்கு மாறி, உலாவியின் புதிய பதிப்புகளுடன் இணைந்து செல்லத் தொடங்கியது. அட்டவணையாக்கம் இரு கட்டங்களில் நடப்பதைக் கூகுள் 2018இல் விளக்கியது: வழங்கி அனுப்பிய பனுவல் முதலில் பதியப்படும், ஜாவாஸ்கிரிப்டால் உருவாகும் பனுவல், கணினி வளம் கிடைக்கும்போது பின்னர் பதியப்படும். ஜாவாஸ்கிரிப்டை நம்பிய பனுவல் வரிசையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மேலும், கூகுளின் நிரல் பொத்தான்களை அழுத்துவதோ வாசகர்போல் பக்கத்தை உருட்டிச் செல்வதோ இல்லை. முடிவின்றி நீளும் பக்கங்களுக்கு, ஒவ்வொரு பகுதிக்கும் தனி முகவரி வேண்டும் என 2014இலேயே கூகுள் அறிவுறுத்தியது. இதழ்த் தொகுப்பொன்றில் ‘மேலும்’ என்னும் பொத்தானை அழுத்தினால் மட்டுமே பழைய இதழ்கள் தோன்றுமாயின், தனி முகவரியும் இணைப்பும் இல்லாத அவ்விதழ்கள் தேடுவோருக்கு இல்லாதவையே.

தமிழ்த் தொகுப்புகளின் நிலை

கூகுளை மட்டும் கருதி நிறைவடைவதும் பொருந்தாது. காமன் கிரால் நிறுவனத்தின் திறந்த வலைத்தொகுப்பு ஜாவாஸ்கிரிப்டை இயக்காமல், வழங்கி அனுப்பும் பனுவலை மட்டுமே சேமிக்கிறது. ஜிபிடி-3 உள்ளிட்ட மொழி மாதிரிகளின் பயிற்சித் தரவில் பெரும்பகுதி அத்தொகுப்பிலிருந்து வந்ததாகும். ஆங்கிலத்தில் ஆயிரம் தளங்கள் இவ்வாறு விடுபட்டாலும் மொழியின் உருவம் பெரிதும் மாறாது. இணையத்தில் பனுவல் குறைந்த தமிழுக்கோ ஒரு பெருந்தொகுப்பு விடுபடுவதே பேரிழப்பு. வலைக் காப்பகங்களிலும் நிலைமை இதுவே: பக்கத்தின் சட்டகம் காக்கப்பட்டு, அது பின்னர் வரவழைக்கும் தரவு காக்கப்படாமற் போனால், எதிர்கால ஆய்வாளர் காண்பது தலைப்பும் வெறுமையும்.

இதற்கான மாற்று புதிதன்று. பனுவல் முதலில் முழுமையாக வரவேண்டும், அழகும் விரைவும் அதன்மேல் சேர்க்கப்படவேண்டும் என்ற படிநிலை மேம்பாட்டுக் கொள்கையை 2003இலேயே ஸ்டீவன் சாம்பியனும் நிக் ஃபிங்க்கும் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் முன்வைத்தனர். 2016இல் வெளிவந்த நெக்ஸ்ட்.ஜேஎஸ் போன்ற சட்டகங்கள், புதிய நிரல்முறையைக் கைவிடாமலே பக்கத்தை வழங்கியில் முழுமையாக்கும் வழியைப் பரவலாக்கின. தமிழ்த் தொகுப்பு நடத்துவோர் தம் பக்கத்தைச் சோதிக்க வல்லுநரை நாடவேண்டியதும் இல்லை. உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திறந்து, நூலின் தலைப்பும் பனுவலும் தெரிகின்றனவா எனக் கண்டாலே போதும்.

ஈழத்து ஆவணங்களைத் தொகுக்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் மீடியாவிக்கி மென்பொருளைப் பயன்படுத்துவதால், ஒவ்வொரு நூலின் பக்கமும் தனி முகவரியுடன் வழங்கியிலிருந்தே முழுமையாக வருகிறது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளின் தன்னார்வலர் தட்டெழுதிய இலக்கியங்களை எளிய எச்டிஎம்எல் பக்கங்களாக வெளியிட்டது. திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறிய பின் அப்பக்கங்களுக்கு ஹாஷ்பேங்கும் தேவைப்படவில்லை. தேடுபொறி ஜாவாஸ்கிரிப்ட் கற்கும்வரை காத்திருக்க வேண்டிய நிலையும் நேரவில்லை.