நகைச்சுவைக் காவலர்களும் அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களும்

'புரூக்ளின் நைன்-நைன்' தொடரைப் பார்த்தவர்களிடம் உங்களுக்குப் பிடித்த காட்சி எது என்று கேட்டால், பலர் ஒரே காட்சியைச் சொல்வார்கள். 2018இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அது வருகிறது. ஓர் அடையாள அணிவகுப்பு. சாட்சியான பெண் கொலையாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பாடியதை மட்டும் கேட்டிருக்கிறாள். துப்பறிவாளர் ஜேக் பெரால்டா, வரிசையில் நிற்கும் ஐந்து பேரையும் ஒரு புகழ்பெற்ற பாப் பாடலை ஆளுக்கு ஒரு வரியாகப் பாட வைக்கிறார். பாடல் சூடுபிடிக்கிறது, ஜேக்கும் சேர்ந்து பாடத் தொடங்குகிறார். அப்போது அந்தப் பெண், தன் சகோதரனைக் கொன்றவன் ஐந்தாம் எண்ணில் நிற்பவன்தான் என்கிறாள். கொலை நடந்ததையே மறந்துபோனதாக ஜேக் ஒப்புக்கொள்கிறார். அதுதான் நகைச்சுவை.

அக்காட்சிக்கு நானும் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். ஜேக் மறந்ததைப் பார்வையாளரும் சேர்ந்து மறந்திருந்தோம் என்பது பின்னர்தான் உறைத்தது. காவலர் நகைச்சுவைத் தொடர்களைப் பற்றிப் பார்வையாளர்கள் சொல்லிவந்த கருத்துகளை வரலாற்றுச் சான்றுகளாக வாசிக்க முடியுமா என்ற கேள்வி அங்கிருந்தே எனக்குத் தொடங்கியது. முடியும் என்பதே இப்பதிவின் வாதம். ஆனால் அச்சான்றுகளில் எவருடைய குரல் பதிவாகவில்லை என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

காவலரைப் பார்த்துச் சிரிப்பது திரைக்கலையின் வயதளவு பழையது. மேக் சென்னட்டின் 'கீஸ்டோன்' படங்களில் காவலர்கள் 1912 முதலே இடறி விழுந்துகொண்டிருந்தார்கள். அதற்கும் முன்பே, 1910இல், காவல் துறைத் தலைவர்களின் சர்வதேசச் சங்கம் திரைப்படங்கள் காவலரைச் சித்திரிக்கும் முறையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. தம்மைப் பார்த்து மக்கள் சிரித்தால் அதிகாரம் கரைந்துவிடும் என்று அன்றைய அதிகாரிகள் அஞ்சினர்.

அந்த அச்சத்திற்கு விடையாக அமைந்தது 'டிராக்நெட்'. 1949இல் வானொலியிலும் 1951இல் தொலைக்காட்சியிலும் தொடங்கிய இத்தொடரை உருவாக்கி நடித்த ஜாக் வெப், லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறையின் ஒத்துழைப்பைப் பெற்றார். உண்மை வழக்குகள் அவருக்குக் கிடைத்தன. பதிலுக்குக் கதைவசனம் காவல் துறையின் பார்வைக்குச் சென்று திரும்பியது. திரையில் காவலர் சிரிக்கவில்லை. எவரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவும் வாய்ப்பில்லை. தொழில்திறனும் நேர்மையும் மிக்க காவலர் என்ற படிமம் அமெரிக்க வீடுகளின் முன்னறைக்குள் இவ்வாறுதான் நுழைந்தது.

அந்த இறுக்கத்தைத் தளர்த்தியது 'கார் 54, வேர் ஆர் யூ?'. நாட் ஹைக்கன் உருவாக்கிய இத்தொடர் 1961 செப்டம்பர் முதல் 1963 ஏப்ரல் வரை என்.பி.சி.யில் 60 அத்தியாயங்கள் ஒளிபரப்பானது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு கற்பனைக் காவல் நிலையம். அங்கே ஒரே ரோந்து வண்டியில் செல்லும் இருவர். குள்ளமான, ஓயாமல் பேசும் டூடி. நெட்டையான, பேச்சு குறைந்த மல்டூன். இரு காவலர் கூட்டாளிகளின் நட்பையே நகைச்சுவையின் அச்சாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்களுக்கு இதை முன்னோடி எனலாம். படப்பிடிப்பு வண்டியை உண்மைக் காவல் வண்டி என்று தெருவில் செல்வோர் மயங்கிவிடக் கூடாது என்பதற்காக அதற்குச் சிவப்பும் வெள்ளையும் பூசினார்கள். கறுப்பு-வெள்ளைத் திரையில் அந்தச் சிவப்பு வேறுபாடாகத் தெரியவில்லை. தெருவில் வேறு, திரையில் ஒன்று என்ற இந்த ஏற்பாட்டை வெறும் தொழில்நுட்பச் செய்தியாக என்னால் கடந்துபோக முடியவில்லை.

நிப்ஸி ரஸல், ஃபிரெடெரிக் ஓநீல் ஆகிய இரு கறுப்பின நடிகர்கள் அந்நிலையத்தில் சக காவலர்களாக நடித்தனர். அக்காலத் தொலைக்காட்சியில் அது அரிது. ஆனால் அந்த நிலையத்தில் குற்றம் ஏறத்தாழ இல்லை; அண்டைவீட்டுச் சச்சரவும் குடும்பக் குழப்பமும்தான். தொடர் முடிந்து ஓராண்டு கழிந்து, 1964 ஜூலையில், பணிநேரத்தில் இல்லாத ஒரு காவல் அதிகாரி 15 வயதுக் கறுப்பின மாணவன் ஒருவனைச் சுட்டுக் கொன்றார். அதைத் தொடர்ந்து, பிராங்ஸிலிருந்து ஆற்றைக் கடந்தால் வந்துவிடும் ஹார்லெமில் பல நாள் கலவரம் மூண்டது. இரு நகரங்களும் ஒன்றே. ஆனால் ஒன்றின் மக்கள் மற்றொன்றின் திரையில் இல்லை.

இந்தப் பின்னணியில் 'புரூக்ளின் நைன்-நைன்' தொடரைப் பார்க்க வேண்டும். டேன் கோர், மைக்கேல் ஷூர் ஆகியோர் உருவாக்கிய இத்தொடர் 2013 செப்டம்பர் 17 அன்று ஃபாக்ஸ் அலைவரிசையில் தொடங்கியது. முதல் பருவத்திலேயே கோல்டன் குளோப் விருது பெற்றது. விளையாட்டுப்பிள்ளையான ஜேக், அவருக்காக உயிரையே தரும் கூட்டாளி சார்லஸ் பாயில், சிரிக்கத் தெரியாத தலைவர் ரேமண்ட் ஹோல்ட் ஆகியோரைப் பார்வையாளர்கள் ஒரு குடும்பமாக ஏற்றனர். தன்பாலீர்ப்பாளரான கறுப்பினத் தலைவர், முதன்மைப் பாத்திரங்களில் இரு லத்தீன் அமெரிக்கப் பெண்கள், தன் இருபாலீர்ப்பைப் பெற்றோரிடம் வெளிப்படுத்தும் ரோசா டயஸ் என இத்தொடர் முன்வைத்த பன்மைத்தன்மையைப் பார்வையாளர்கள் தம் வாழ்வோடு இணைத்துப் பேசினார்கள். அந்தப் பற்றைப் பொய்யானதாகவோ ஏமாற்றாகவோ ஒதுக்கும் ஆய்வு தன் சான்றுகளையே அவமதிக்கிறது.

அந்தப் பற்றின் வலிமை 2018 மே மாதம் வெளிப்பட்டது. மே 10 அன்று ஃபாக்ஸ் தொடரை நிறுத்தியது. சமூக ஊடகங்களில் எழுந்த எதிர்ப்பில் நடிகர் மார்க் ஹாமில், இயக்குநர் கியெர்மோ டெல் டோரோ போன்றவர்களும் சேர்ந்துகொண்டனர். மறுநாளே என்.பி.சி. தொடரை எடுத்துக்கொண்டது. பார்வையாளர் குரல் வென்றது என்றே இந்நிகழ்வு நினைவுகூரப்படுகிறது. அது பாதி உண்மை. தொடரைத் தயாரித்தது என்.பி.சி.யின் குழுமத்தைச் சேர்ந்த யுனிவர்சல் டெலிவிஷன். தம் சொத்தைத் தம் அலைவரிசைக்கே கொண்டுவருவதில் அவர்களுக்கு வணிக நலன் இருந்தது. பார்வையாளர் கருத்து இருவகைப்படும் என்பதையும் இந்நிகழ்வு காட்டுகிறது: எண்ணப்படும் கருத்து, பேசப்படும் கருத்து. ஃபாக்ஸ் முதலாவதைப் பார்த்து நிறுத்தியது, என்.பி.சி. இரண்டாவதையும் கேட்டு வாங்கியது. ஊடக வரலாற்று மாணவர்கள் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

தொடர் காவல் துறையின் இனவெறியைப் பேசாமல் இருந்ததில்லை. 2017 மே மாதம் ஒளிபரப்பான 'மூ மூ' என்ற அத்தியாயத்தில், தன் மகளின் தொலைந்த போர்வையைத் தேடித் தன் தெருவிலேயே நடக்கும் சார்ஜென்ட் டெரியை ஒரு வெள்ளையினக் காவலர் மறிக்கிறார். தானும் காவலர் என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறார். அவ்வத்தியாயத்தைப் பார்வையாளர்கள் பெரிதும் பாராட்டினர். ஆனால் அங்கே மறிக்கப்பட்டவரின் துயரை நாம் அறிய, அவர் நமக்கு ஏற்கெனவே அன்புக்குரிய காவலராக இருக்கவேண்டியிருந்தது. அடையாள அட்டை இல்லாத ஒருவரின் கதையாக அது இல்லை.

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பின் இந்த வேறுபாடு மறைக்க முடியாததாயிற்று. ஜூன் மாதம் 'காப்ஸ்', 'லைவ் பி.டி.' ஆகிய மெய்ந்நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. 'நைன்-நைன்' குழுவினர் பிணைநிதி அமைப்பு ஒன்றுக்கு 1,00,000 டாலர் வழங்கினர். எட்டாம் பருவத்திற்கென எழுதிவைத்திருந்த நான்கு அத்தியாயங்களைக் கைவிட்டதாக நடிகர் டெரி க்ரூஸ் தெரிவித்தார். ஹோல்ட்டாக நடித்த ஆந்த்ரே பிராயர், தொண்ணூறுகளில் 'ஹோமிசைட்' தொடரிலும் காவலராக நடித்தவர். இக்கதைகள் கட்டியெழுப்பிய தொன்மத்துக்குத் தாமும் இரையாகியிருந்ததாக அப்போது ஒரு நேர்காணலில் ஒப்புக்கொண்டார். பல பத்தாண்டுகள் அச்சீருடையை அணிந்து நடித்தவரின் வாக்குமூலம் அது.

பார்வையாளர்கள் பிளவுபட்டனர். இத்தொடர் நல்ல காவலர் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிறது. இதை ஏன் தண்டிக்க வேண்டும் என்று சிலர் கேட்டனர். அதுவே சிக்கல், அன்பான காவலரைக் காட்டியே நிறுவனத்தின் மீது அன்பை வளர்க்கிறது என்றனர் வேறு சிலர். சிரிக்க வந்த இடத்தில் அரசியல் எதற்கு என்று சலித்தவர்களும் உண்டு. 2021 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய இறுதிப் பருவம் இம்மூவருக்கும் ஒருசேர விடை சொல்ல முயன்றது. ரோசா காவல் பணியைத் துறந்து, காவலரின் வன்முறைக்கு ஆளானோருக்கு உதவும் தனியார் துப்பறிவாளராகிறாள். ஹோல்ட்டும் ஏமி சாந்தியாகோவும் சீர்திருத்தத் திட்டம் வகுக்கிறார்கள். காவலர் சங்கத் தலைவர் எதிர்நாயகனாகிறார். 153ஆம் அத்தியாயத்தில், தன் குழந்தையை வளர்ப்பதற்காக ஜேக் வேலையை விடுகிறார். அரசியல் காரணத்துக்காக அன்று, தந்தைமைக்காக. கேள்வியைத் தொட்டுவிட்டுக் குடும்பத்துக்குள் திரும்பிக்கொண்ட முடிவு என்று இதை நான் வாசிக்கிறேன். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதலாம்.

இந்திய வாசகர்களுக்கு இது தொலைதூரக் கதையன்று. அதே 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட தந்தையும் மகனும் காவலில் வதைக்கப்பட்டு அடுத்தடுத்து இறந்தனர். அம்மாத இறுதியில் இயக்குநர் ஹரி, காவல் துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை வெளியிட்டார். அமெரிக்காவில் எழுதிய அத்தியாயங்கள் கைவிடப்பட்டதும் இங்கே எடுத்த படங்களுக்காக வருந்தியதும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தன. இரண்டிலும் படைப்பாளிகள் மன்னிப்புக் கோரும் நிலையில் நின்றனர். கைதட்டிய பார்வையாளர்களிடம் எவரும் கணக்குக் கேட்கவில்லை.

இந்தியத் தொலைக்காட்சியில் நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு, சப் டிவியில் 2006 ஜூலை முதல் 2015 ஜனவரி வரை ஓடிய 'எஃப்.ஐ.ஆர்.'. கவிதா கௌசிக் நடித்த ஹரியானா வட்டாரப் பேச்சுடைய பெண் ஆய்வாளர் சந்திரமுகி சௌடாலா, ஆண்கள் நிறைந்த காவல் நிலையத்தை அடக்கி ஆண்டார். பெண் அதிகாரம் என்ற வகையில் அது புதுமையானது. ஆனால் அவருடைய அறையும் மிரட்டலும் அத்தொடரின் நிலையான நகைச்சுவை உத்திகள். கைது, காவல் குறித்த நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் வகுத்தது 1996இல். காவல் துறைச் சீர்திருத்தத்திற்கான ஆணைகளைப் பிரகாஷ் சிங் வழக்கில் பிறப்பித்தது 2006 செப்டம்பரில், அதாவது, 'எஃப்.ஐ.ஆர்.' தொடங்கிய இரண்டாம் மாதத்தில். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையொப்பமிட்டது. இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. சட்டம் தடுக்க முயன்ற அடியை நம் முன்னறைகள் சிரித்து வரவேற்றன.

1910இல் காவல் தலைவர்கள் சிரிப்பு அதிகாரத்தைக் கரைக்கும் என்று அஞ்சினர். நூறாண்டுக்குப் பின் பார்வையாளர்கள், சிரிப்பு அதிகாரத்தை மன்னித்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். இரு அச்சங்களும் சிரிப்பு எவரை நோக்கியது என்பதைப் பொறுத்தவை. கீஸ்டோன் காவலர் இடறி விழுந்தபோது அடிபட்டவர் காவலர். நட்புக் காவலர் தொடர்களில் காவலரை நாம் நேசித்தாக வேண்டும். அதற்கு, காவலரிடம் அகப்பட்டவர் வலியற்றவராக, பெயரற்றவராக, விரைவில் மறக்கப்படுபவராக ஆக்கப்படுகிறார். இவ்வகைக் கதையின் இலக்கணமே அதுதான். தனி எழுத்தாளர் எவருடைய தீய நோக்கமும் அதற்குத் தேவையில்லை.

ஆகவே பார்வையாளர் கருத்துகளைத் தொகுத்து ஆராய முனையும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொடரை நேசித்தோர் என்ன சொன்னார்கள், வெறுத்தோர் என்ன சொன்னார்கள் என்று அட்டவணை போடுவது தொடக்கம் மட்டுமே. விசாரணை அறையின் மறுபக்கத்தில் ஒருமுறையேனும் அமர்ந்தவர்கள் இத்தொடர்களை எப்படிப் பார்த்தார்கள் என்று தேடுங்கள். அவர்களும் தொலைக்காட்சி பார்ப்பவர்கள்தாம். ஒருவேளை நம்மைப் போலவே சிரித்துமிருக்கலாம். எங்கே சிரித்தார்கள், எங்கே நிறுத்திக்கொண்டார்கள் என்பதை அவர்களிடமே கேட்டுப் பதிவுசெய்யும் ஆய்வு தமிழிலிருந்து தொடங்கட்டும்.